டார்ச் அடித்துப் பார்த்தால்

மதுரையில் அக்கா வீட்டு கார் ஷெட்டில் தேக்கு அலமாரி கதவைக் கழற்றிய நிலையில் மல்லாந்து கிடந்தது. அத்தானின் அப்பா காலத்துச் சாமான். அரக்கு பாலீஷ் கறுத்துவிட்டது. அலமாரியைப் பளபளவென்று வெள்ளையாக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. தேக்குக்குப் போய் வெள்ளையடிப்பதா என்று பக்கத்து வீட்டுக்காரர் அங்கலாய்த்துவிட்டுப் போனார். வேலையை எடுத்திருந்தவர் கார் பட்டறையில் ஸ்ப்ரே அடித்துப் பழகிய அண்ணன் ஒருவர்.

அரக்கு பாலீஷ் ஸ்பிரிட்டில் கரையும். நனைத்த துணியால் துடைக்கத் துடைக்க மரம் வெளுத்தது. பிறகு 120, 180 நம்பர் உப்புத்தாள். ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்தார். கடைசியாகத் தின்னர் தொட்டு ஒரு துடைப்பு. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதை எடுக்காவிட்டால் பிரைமர் சரியாகப் பிடிக்காது.

பழைய எனாமல் பூச்சாக இருந்தால் இப்படி உலர்வாகத் தேய்ப்பது ஆபத்து. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சென்றால் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். முகமூடி கட்டாயம், குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

பிரைமர் காய்ந்ததும் தடவிப் பார்த்தேன், வழவழவென்றிருந்தது. "அவ்வளவுதானே அண்ணே?" என்றேன். பதில் சொல்லாமல் செல்போன் டார்ச்சைப் போட்டுப் பலகையை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். தேக்கின் ரேகைகள் வரிவரியாக எழுந்து நின்றன. கைப்பிடிக்குக் கீழே காசளவு பள்ளம் ஒன்று நிழல் தட்டியது.

"மேட் ஃபினிஷ்னா இதெல்லாம் மறைஞ்சிரும் தம்பி. கிளாஸ் அடிச்சா காட்டிக் கொடுத்துரும்."

மேட் பூச்சு வெளிச்சத்தைச் சிதறடித்துவிடும். பளபளப்பான கிளாஸ் பூச்சு அதை அப்படியே திருப்பி அனுப்புவதால், சின்னப் பள்ளம்கூட அதில் விழும் டியூப்லைட் பிம்பத்தை வளைத்துவிடும்.

அதனால் பட்டியை மெல்லிசாக இழுத்தார். அது காய்ந்தபின் மேலே கறுப்பு பெயின்டைப் புகைபோல லேசாகத் தூவினார். 320 நம்பர் தாளை மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தார். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பதிந்த இடம் குழிந்துவிடும். மேடெல்லாம் வெளுக்க, பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கியது. அங்கே மறுபடி பட்டி, மறுபடி பிரைமர், மறுபடி கறுப்பு. ஒரு பொட்டுக்கூட மிஞ்சாமல் போகும் வரை விடவில்லை.

ஸ்ப்ரே அடித்தது காலை வேளையில். வெயில் ஏறினால் தின்னர் சீக்கிரம் பறந்து, பூச்சு சமமாகப் பரவுவதற்குள் இறுகிவிடுமாம். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினார். பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்டில் ஹார்ட்னர் கலந்து, நைலான் துணியில் வடிகட்டினார். ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைப் பதம் பார்க்கும். அதனால் கார்ட்ரிஜ் மாஸ்க் மாட்டிக்கொண்டு எங்களை வெளியே அனுப்பிவிட்டார். வாசலில் நின்று பார்த்தேன். ஸ்ப்ரே கன் பலகையிலிருந்து ஒரு சாண் தூரத்தில், ஒவ்வொரு இழுப்பும் முந்தையதன் பாதியை மூடியபடி போனது. கிட்டே போனால் பெயின்ட் வழியும்; விலகினால் சொரசொரப்பு தட்டும்.

நன்றாக இறுகட்டும் என்று விட்டுவிட்டு, பிறகொரு நாள் வந்தார். 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பரை சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்ததும் பளபளப்பு போய்ப் பால்போல மங்கியது. "அடிச்சதையே அழிக்கிறீங்களே!" என்று அக்கா பதறினார். ரப்பிங் காம்பவுண்ட் தடவி பஃப் மெஷினை ஓட்டியதும் டியூப்லைட் கோணாமல் நேராக விழுந்தது.

கம்ப்ரசர் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று கேட்டேன். எனாமலை ஃபோம் ரோலரில் மெல்லிசாகப் பூசி, ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே 320-ல் தேய்த்தால் போதும் என்றார். கார் அளவு மினுக்கு வராது, ஆனால் பார்வையாக இருக்கும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக உடனே சாமானை அடுக்கிவிடக் கூடாது. எனாமல் உள்ளே இறுகச் சில வாரம் பிடிக்கும். முதல் முயற்சிக்கு அலமாரி வேண்டாம், ஒரு முக்காலியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.