சுரங்கம் மூடிய பின்

குறிஞ்சிப்பாடியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நமக்குச் சுரங்கம் என்பது வியப்புக்குரிய பொருள் அன்று. 1930களில் கிணற்றுக்காக நிலத்தைத் துளைத்தபோது வெளிப்பட்ட கரிய பொருள், நெய்வேலி என்னும் நகரத்தையே உருவாக்கிவிட்டது. 1957இல் சுரங்க வேலை தொடங்கியது; 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அன்று முதல் எத்தனையோ இல்லங்களில் அடுப்பு எரிவது அந்தக் கரியினால்தான். சுரங்கத்திற்காக ஊரையும் வயலையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்களும் பல. ஆகவே, நிலக்கரி தீர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை நாம் எளிதில் வாய்விட்டுக் கேட்பதில்லை.

எங்கள் மூத்த மகன் அதைக் கேட்டான். பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்து, மேலே என்ன படிப்பது என்று எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது. பதிலைச் சொல்லால் தருவதைவிடக் கண்ணால் காட்டுவது நல்லது என்று முடிவு செய்தோம். சென்ற கோடை விடுமுறையில், அத்தையையும் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு வாடகைக் காரில் கோலார் தங்கவயலுக்குப் புறப்பட்டோம்.

திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, குப்பம் என்று மூன்று மாநிலங்களின் மண்ணைத் தொட்டுச் செல்லும் பாதை அது. கட்டுச்சோறும் புளிச்சாதமும் வழியில் ஒரு புளியமர நிழலிலேயே தீர்ந்துவிட்டன. குப்பத்தைத் தாண்டியதும் பாறைக் குன்றுகள் இருபுறமும் நெருங்கின. ஊரை அணுகியபோது, "அதோ மலை!" என்றாள் இளையவள். அது மலையன்று. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண், ஆண்டுக்கணக்கில் குவிந்து மலையாகிவிட்டது. சயனைடு மேடு என்று ஊரார் அதனை அழைக்கின்றனர். இத்தகைய மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவு கிடக்கிறது. காற்று பலமாக வீசினால் அதன் தூசு வீடுகளின்மேல் படிகிறது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே பெரிய அளவில் தோண்டத் தொடங்கியது. வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் திரளாக வந்து குடியேறின. 1902இல் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைந்தது இந்தச் சுரங்கங்களுக்காகவே. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். நூற்று இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. தங்கத்தின் விலையைவிட, அதனை எடுக்கும் செலவு கூடிவிட்டது.

இன்று கீழ்த்தளங்களில் நீர் நிறைந்திருக்கிறது. கூண்டை இறக்கி ஏற்றிய இரும்புக் கோபுரங்களை வெளியே நின்றே பார்த்தோம். அங்கே ஓய்வுபெற்ற தொழிலாளர் ஒருவர் எங்களிடம் அன்போடு பேசினார்.

"நம் நெய்வேலி திறந்த குழி, தம்பி. இது அப்படியன்று. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அடிமட்டத்துக்குப் போகக் கூண்டு மாறவேண்டும். பாறையே சுடும். மேலிருந்து குளிர்ந்த காற்றை அனுப்புவார்கள். திடீரென்று பாறை வெடித்துச் சிதறும், காலையில் இறங்கியவன் மாலையில் ஏறுவானா என்று வீட்டில் காத்திருப்பார்கள்" என்றார்.

மூடியபிறகு என்ன செய்தீர்கள் என்று மகன் கேட்டான். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை.

"மூடப்போகிறார்கள் என்று பல வருடம் பேச்சு இருந்தது. நாங்கள் நம்பவில்லை. தங்கம் இருக்கும்வரை சோறு இருக்கும் என்று நினைத்தோம். பிள்ளைக்கு வேறொரு தொழில் கற்றுக்கொடுத்தவன் வீட்டில் விளக்கு அணையவில்லை. சுரங்கத்தையே நம்பியவன் வீடு தடுமாறிப்போயிற்று" என்றார்.

மாலையில் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் உள்ள வெற்றி மாதா ஆலயத்தில், மண்ணுக்குள் உயிர்நீத்தோரை நினைத்துச் சிறிது நேரம் செபித்தோம். விடியுமுன்பே மாரிகுப்பம் நிலையத்தில் ரயிலேறி, பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோரைப் பற்றி அங்கிருந்தோர் கூறினர். பொன் விளைந்த ஊரில் இன்று பிழைப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஆயினும் ஊர் கலைந்துவிடவில்லை. தமிழ்ப் பேச்சும் கோயில் மணியும் தெருவில் விளையாடும் பிள்ளைகளும் அங்கே இருக்கின்றனர்.

நெய்வேலியில் நிலக்கரி இன்னும் எடுக்கப்படுகிறது. எடுத்து முடித்த பகுதியை மண்ணால் நிரப்பி மரம் நடுவதும் நடைபெறுகிறது. நல்லதே. ஆனால் குழியை நிரப்புவது நிறுவனத்தின் வேலை. வீட்டை நிலைநிறுத்துவது பெற்றோரின் வேலை. எங்கள் மகன் மின்னியல் படிக்கச் சேர்ந்திருக்கிறான். அதனைச் சுரங்கத்திலும் பயன்படுத்தலாம், சுரங்கத்திற்கு வெளியிலும் பயன்படுத்தலாம்.

வாசக அன்பர்களே, மாதச் சம்பளம் தவறாமல் வரும் நாட்களே அடுத்த தலைமுறைக்கு வழி தேடும் நாட்கள். பூமி தருவதற்கு அளவு உண்டு. அந்த அளவு தீருமுன் நம் பிள்ளைகளின் கையில் ஒரு தொழிலைக் கொடுத்துவிடுவோம்.