கொட்டாங்குச்சிக்கும் தேங்காய்க்கும் நடுவில்

பி.காம். படித்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. 2011ல் ஒரு ஆஸ்பத்திரியில் வைத்து அந்தப் பாடத்தை மறந்தேன்.

அம்மாவுக்குத் தலையில் கட்டி. டாக்டர் எம்.ஆர்.ஐ. ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். ஒரே ஃபிலிமில் இருபது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கே வெட்டின ஒரு தலை. பதினோராவது கட்டத்தில் சின்னதாக ஒரு வெள்ளை. பன்னிரண்டில் கொஞ்சம் பெரிசு. பதினைந்தில் காணோம்.

“பாத்தீங்களா சார்?” என்றார்.

பார்த்தேன். புரிந்த மாதிரி தலையும் ஆட்டினேன். எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன, பின்னால் என்ன... ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் வரவில்லை. ஒரு பொருளின் வடிவம் மனசில் வந்தால்தானே அதைப் பற்றிக் கேள்வி வரும்? சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அந்த இருபது துண்டையும் சேர்த்து, முழுத் தலையாக யாராவது மேஜை மேல் வைத்துக் காட்டக்கூடாதா என்று அன்று ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தேன். அதற்கென்றே ஒரு மெஷினை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வால்யூமெட்ரிக் டிஸ்ப்ளே. நமக்குள் ‘கனத்திரை’ என்று வைத்துக்கொள்வோம்.

த்ரீ-டி சினிமா பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூக்குக்கு நேராக வருகிற அம்புக்குத் தலையைக் குனிந்திருப்பீர்கள். அது இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் காட்டுகிற தந்திரம். எழுந்து பக்கவாட்டில் போய் நின்றால், அம்பின் முதுகு தெரியாது. கனத்திரையில் ஒவ்வொரு வெளிச்சப் புள்ளியும் இருக்கவேண்டிய இடத்தில் நிஜமாகவே இருக்கும். கண்ணாடி வேண்டாம். சுற்றி நடந்தால் முதுகும் தெரியும்.

எப்படி? தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பை வேகமாகச் சுற்றியிருப்பீர்களே, காற்றில் ஒரு நெருப்பு வளையம் தெரியுமே, அப்படித்தான். அங்கே வளையம் ஏது? ஒரு பொறி ஓடுகிறது, கண் அதை வளையமாக்கிக்கொள்கிறது. நம் பெரியவர்கள் இதற்குக் கொள்ளிவட்டம் என்று பேரே வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கிரெக் ஃபவலோரா என்பவர் 1997ல் தொடங்கிய ஆக்சுவாலிட்டி சிஸ்டம்ஸ் கம்பெனி இந்தக் கொள்ளிவட்டத்தை மெஷினாக்கியது. பெயர் பெர்ஸ்பெக்டா. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு திரை நிமிஷத்துக்கு 700 தடவைக்கு மேல் சுழலும். நம் வீட்டு சீலிங் ஃபேன் ஃபுல் ஸ்பீடில்கூட ஏறக்குறைய அதில் பாதிதான் சுற்றும். திரை எந்தக் கோணத்துக்கு வருகிறதோ, அந்தக் கோணத்துக்கான படத்தைப் புரொஜெக்டர் அதன்மேல் அடிக்கும். ஒரு உருவத்துக்கு 198 துண்டுப் படங்கள். ஒவ்வொன்றிலும் 768க்கு 768 புள்ளிகள். பி.காம். புத்தி சும்மா இருக்குமா? பெருக்கிப் பார்த்தேன். 11 கோடியே 67 லட்சத்துச் சொச்சம். அதுவும் நொடிக்கு 24 முறை!

சரி, இதில் ஒரு பந்தை எப்படி வரைவது? சாதாரணத் திரை என்றால் சுலபம். முன்பக்கத்தை மட்டும் வரைந்து, ஓரத்தில் கொஞ்சம் நிழல் தீற்றினால் பந்து ரெடி. பின்பக்கத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? கனத்திரையில் அந்தப் பாச்சா பலிக்காது. நீங்கள் எந்தப் பக்கம் வந்து நிற்பீர்களோ, அதற்குத் தெரியாதே! முழுப் பந்தையும் வெட்டியாகவேண்டும். கேரட் நறுக்குகிற மாதிரி அல்ல, ஆரஞ்சு சுளை பிரிக்கிற மாதிரி, நடு அச்சைச் சுற்றி. ஒவ்வொரு வெட்டிலும் பந்தின் தோல் எங்கே வருகிறதோ, அங்கே மட்டும் விளக்கேற்றவேண்டும். உள்ளேயும் ஏற்றினால் வெறும் வெளிச்ச உருண்டைதான். இதில் இன்னொரு தகராறு. எல்லா வெட்டும் அச்சில் வந்து கூடுவதால், நடுவில் புள்ளிகள் டவுன் பஸ் மாதிரி நெருக்கியடிக்கும். ஓரத்தில் காற்றாடும். அதையும் சரிக்கட்டவேண்டும்.

எவ்வளவு சரிக்கட்டினாலும் ஒரு குறை தீராது. ஒரு வெளிச்சப் புள்ளி இன்னொன்றை மறைக்காது. சுவர் வரைந்தால், சுவருக்குப் பின்னால் நிற்கிற ஆளும் தெரிவார். எல்லாமே ஆவி மாதிரி! கதை சொல்ல இது உதவாது. ஆனால் டாக்டருக்கு? மண்டை ஓடு, அதற்குள்ளே மூளை, கட்டி, கதிர்வீச்சு போகவேண்டிய பாதை... எல்லாம் ஒன்றையொன்று மறைக்காமல், அதனதன் இடத்தில். சிகாகோவில் ரஷ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சைத் திட்டமிட பெர்ஸ்பெக்டாவை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். குறையே குணமாகிவிட்ட இடம்.

அந்தக் கம்பெனி இன்று இல்லை. ஆசை மட்டும் போகவில்லை. 2018ல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்மாலி குழுவினர், செல்லுலோஸ் துகள் ஒன்றை லேசரால் பிடித்து, காற்றில் அலையவிட்டு, வண்ண வெளிச்சம் அடித்து உருவம் வரைந்தார்கள். 2019ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் லேசருக்குப் பதில் ஒலி. 2 மில்லிமீட்டர் மணி ஒன்றை ஒலி அலையாலேயே தூக்கிச் சுழற்றினார்கள். திரையே இல்லாத கொள்ளிவட்டம்! என்ன, உருவங்கள் ரொம்பச் சின்னது. முழுத் தலை வர இன்னும் நாளாகும்.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரிலேயே தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். நல்லதுதான். 2011ல் எனக்குக் கிடைத்தது இருபது கட்டமும் என் தலையாட்டலும்தான்.

அம்மாவுக்குக் கிடைத்தது வேறு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் சட்டென்று கேட்டாள். “தம்பி, அந்தக் கட்டி, கொழுக்கட்டைக்குள்ள பூரணம் மாதிரி இருக்கா?”

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். “இல்லம்மா. தேங்காய் இருக்கில்ல? கொட்டாங்குச்சிக்கும் தேங்காய்க்கும் நடுவுல வளந்து, தேங்காயை அமுக்குது.”

“அப்ப தேங்காயை வெட்ட வேணாம்?”

“முடிஞ்சவரைக்கும் அதைத் தொட மாட்டோம்மா.”

“எந்தப் பக்கமா உடைப்பீங்க?”

டாக்டர் தன் வலது காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டினார். அம்மாவும் தன் தலையில் அதே இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள். “சரி தம்பி. நல்லபடியா பண்ணுங்க” என்றாள்.

மூன்று கேள்விகள். சம்மதம் என்றால் அதுதான். நான் போட்டது வெறும் கையெழுத்து.

அம்மா நன்றாக இருக்கிறாள். இன்றைக்கும் வீட்டில் தேங்காய் உடைப்பது அவள்தான். உங்களுக்கும் ஒருநாள் யாராவது வெளிச்சப் பெட்டியில் ஃபிலிமை மாட்டி, “பாத்தீங்களா?” என்று கேட்கலாம். தயவுசெய்து தலையாட்டாதீர்கள். “எதுக்கும் எதுக்கும் நடுவுல டாக்டர்?” என்று கேளுங்கள். பேனாவை அப்புறம் திறக்கலாம்.