துண்டு வந்த வழி

தியாகதுருகம் சந்தையில் ஆட்டுத் தரகர் ஒருவர் என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். தன் தோளில் கிடந்த துண்டை உருவி, எங்கள் இருவர் கைகளின் மேலும் போட்டார். துண்டுக்கு அடியில் என் ஆள்காட்டி விரலை மட்டும் அழுத்தினார். "இது ஆயிரம்." பிறகு நான்கு விரல்களையும் சேர்த்துப் பிடித்தார். "நாலாயிரம்." விரலின் நடுக்கணுவில் லேசாக ஒரு கிள்ளு. "இது பாதி. ஐந்நூறு. புரிஞ்சுதா சார்?"

புரிந்தது. சுற்றி நின்றவர்களுக்கு எங்கள் முகங்கள் மட்டும்தான் தெரிந்தன. ஒரு கிடாவுக்கு வாங்குகிறவர் எவ்வளவு கேட்டார், விற்கிறவர் எவ்வளவில் நின்றார் என்பது அந்த இரண்டு முழத் துணிக்குள்ளேயே முடிந்துவிடும். விலை படிந்த பிறகு பணம் ஜிபேயில் போகிறது. விலை பேசுவது மட்டும் இன்னும் துண்டுக்குள்தான்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சிக்கு முன்னால் வருகிற ஊர் இது. 1790-ல் திப்பு சுல்தானின் படை முட்டிப் பார்த்தும் பிடிக்க முடியாமல் போன மலைக்கோட்டை ஊருக்கு மேலே நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நான் அன்று காலை முழுவதும் மனிதர்களின் தோளையும் தலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழுத்தில் சுற்றும் துணியை எத்தனை விதமாக அணியலாம் என்று பத்திரிகைகள் படம் போட்டுச் சொல்லிக் கொடுக்கின்றன. இந்தச் சந்தைக்கு வந்தால் அதற்குப் படம் தேவையில்லை. மூட்டை இறக்குகிறவர் அதைச் சுருட்டிச் சும்மாடாக வைத்திருந்தார். கீரைக்காரப் பெண் அதை முக்காடாகப் போட்டு, இரண்டு முனைகளையும் பிடரியில் முடிச்சிட்டிருந்தார். தேநீர்க் கடைக்காரர் சூடான பாத்திரத்தை அதனால் பிடித்தார். ஒரு பாட்டி அதன் முனையில் காசை முடிந்து இடுப்பில் செருகினார். கள்ளக்குறிச்சி போகும் பேருந்து வந்து நின்றதும் ஜன்னல் வழியாக நான்கு துண்டுகள் உள்ளே விழுந்து இடம் பிடித்தன. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்த பெரியவர் ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்து, மடியில் வைத்து அதில் பொரி கொட்டித் தின்றார், உதறினார், மறுபடி தலையில் கட்டிக்கொண்டார். நெடுஞ்சாலையில் ஸ்கூட்டியில் போன கல்லூரிப் பெண்கள் துப்பட்டாவைக் கண் மட்டும் தெரியும்படி சுற்றியிருந்தார்கள். வெயிலும் புழுதியும் ஒன்றுதான், துணியின் பெயர்தான் வேறு.

வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம், துண்டு இல்லாமல் வெளியே கிளம்பியதுண்டா என்று கேட்டேன். அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

"எங்கப்பா காலத்துல துண்டு இருந்துச்சு தம்பி. தோள்லதான் இருக்கக் கூடாது. பெரிய வூட்டு வாசல் வந்தா கக்கத்துல இடுக்கிக்கணும். இல்லன்னா இடுப்புல கட்டிக்கணும். நான் மொதமொதலா தோள்ல போட்டுக்கிட்டு அந்தத் தெருவுல நடந்தப்ப எனக்குக் கால் நடுங்குச்சு."

சொல்லிவிட்டுத் தன் தோளில் கிடந்த துண்டை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார்.

அந்த ஒரு நீவலுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க காலத்தில் கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலம். நாதசுர வித்துவான் சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டிருந்ததைச் சிலர் பொறுக்காமல் எடுக்கச் சொன்னார்கள். இயக்கத்தைச் சேர்ந்த பட்டுக்கோட்டை அழகிரி, எடுக்கக் கூடாது என்று எதிர்த்து நின்றார். தெற்கே திருவிதாங்கூரில் பெண்கள் தோளில் சீலை போடும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடியும் உதையும் பட்டு, 1859-ல் மேலுடம்பை மறைக்க அரசாணை பெற்றார்கள். தோளில் ஒரு முழத் துணி கிடப்பதை அழகு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. இங்கே அது நிமிர்ந்து நடப்பதற்கான உரிமையாக இருந்தது. பின்னால் உழவர் போராட்டங்களில் பச்சைத் துண்டு வந்ததும், ஒவ்வொரு கட்சியும் தன் கரையைத் துண்டில் ஏற்றியதும் அந்த வழியில்தான்.

சந்தையின் ஓரத்தில் தார்ப்பாய் விரித்துத் துணி விற்றுக்கொண்டிருந்தவரிடம் போனேன். தேங்காய்ப்பூத் துண்டு, காவித் துண்டு, கட்சிக்கரைத் துண்டு, ஈரிழைத் துண்டு என்று அடுக்கி வைத்திருந்தார். ஈரிழையைத் தொட்டுப் பார்த்தேன். எங்கிருந்து வருகிறது என்றேன். "ஈரோடு சரக்குங்க. திங்கக்கிழமை ராத்திரி போனா செவ்வாய்க்கிழமை கட்டிக்கிட்டு வந்துருவேன்." கைத்தறியா என்றதற்குச் சிரித்தார். "தறின்னா தறிதான் சார். இந்த வெலைக்குக் கைத்தறி எங்க வரும்?"

அந்தப் பதில் என்னை விடவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சேலம், ஈரோடு வழியாகச் சென்னிமலை போய்ச் சேர்ந்தேன். கொடியைக் கையில் பிடித்தபடி அடிபட்டு 1932-ல் உயிர்விட்ட திருப்பூர் குமரன், 1904-ல் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்த ஊர். போர்வைக்கும் துண்டுக்கும் பேர்போனது. மலையடிவாரத் தெரு ஒன்றில் நடந்தபோது ஒரு வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்டது. சத்தம் வந்த வாசலில் நின்றேன்.

அறுபது வயதுக்கு மேலிருக்கும் அம்மா ஒருவர் குழித்தறியில் இருந்தார். கால்கள் இரண்டும் குழிக்குள், மிதிகளின் மேல். மிதி மாறும்போது, நீளவாக்கில் ஓடும் பாவு இரண்டாகப் பிரிகிறது. வலது கை கயிற்றைச் சுண்டினால் நாடா அந்த இடைவெளியில் ஓடி, குறுக்கு இழையான ஊடையை விட்டுச் செல்கிறது. இடது கை பலகையை இழுத்து, ஊடையை நெருக்கி அடிக்கிறது. ஈரிழை என்றால் பாவிலும் இரண்டிரண்டு இழை, ஊடையிலும் இரண்டிரண்டு இழை. அதனால்தான் அது தண்ணீரைச் சட்டென்று குடிக்கிறது, துவைக்கத் துவைக்க மிருதுவாகிறது, வருடக்கணக்கில் கிழியாமல் கிடக்கிறது.

பேசிக்கொண்டிருக்கும்போதே தறி நின்றது. ஓர் இழை அறுந்திருந்தது. எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அவர் குனிந்து, நூற்றுக்கணக்கான இழைகளுக்கு நடுவே அதைத் தனியாக எடுத்து, விரலை நாக்கில் நனைத்து, புது நூலோடு சேர்த்து முறுக்கி முடிச்சுப் போட்டு அச்சுக்குள் இழுத்துவிட்டார். ஒரு துண்டு முடிந்ததும் நான்கு விரற்கடைக்கு ஊடை விடாமல் பாவை நகர்த்தினார். அந்த வெற்றுப் பாவுதான் பிறகு அறுத்து முறுக்கப்பட்டுக் குஞ்சமாகும்.

"இப்பெல்லாம் ஸ்டோல்னு ஒண்ணு கேக்கறாங்க கண்ணு. பொம்பளப் புள்ளைங்க கழுத்துல போடறதாம். பாத்தா நம்ம துண்டுதான். நீளம் கொஞ்சம் சேத்தி, கலர் மாத்தி, குஞ்சம் நல்லா முடிஞ்சு குடுத்தாப் போதும்" என்றார்.

நூல் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது, துணி சங்கத்துக்குப் போகிறது, நடுவில் இவருக்குக் கூலி. நூறு நாள் வேலைக்குப் போனால் இதைவிடக் கூடக் கிடைக்கும் என்றார். மகன் பெருந்துறை சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறார். தறியில் உட்கார அந்த வீட்டில் அடுத்த ஆள் இல்லை.

1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி இன்று 11 வகைத் துணிகள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் குறிப்பிட்ட வகைத் துண்டும் அங்கவஸ்திரமும் உண்டு, மஃப்ளரும் உண்டு. சட்டம் இருந்தும் விசைத்தறித் துண்டு பாதி விலைக்குக் கிடைக்கும்போது சந்தை வியாபாரியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆட்டுத் தரகரும் கீரைக்காரம்மாவும் கையில் இருக்கிற காசுக்குத்தான் வாங்க முடியும். இதே போன்ற துணிகளுக்கு வேறிடங்களில் மதிப்புக் கிடைத்திருக்கிறது. அசாமின் துண்டான கமோசா 2022-ல் புவிசார் குறியீடு பெற்றது. கம்போடிய உழவர்கள் கழுத்திலும் தலையிலும் சுற்றும் கிராமா 2024-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. இரண்டுமே நம் துண்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான்.

சந்தையில் விலை பார்த்துத்தான் துண்டு வாங்குகிறோம். ஆனால் விலை பார்க்காமல் துணி வாங்குகிற ஓர் இடமும் நம்மிடம் இருக்கிறது. கூட்டம், விழா, பாராட்டு என்றால் பொன்னாடை. பளபளக்கும் அந்த பாலியெஸ்டர் துணியைப் பெற்றுக்கொண்டவர் துவட்டவும் முடியாது, போர்த்தவும் முடியாது. என் வீட்டு அலமாரியிலேயே பிரிக்காத பொன்னாடைகள் ஆறேழு கிடக்கின்றன.

சென்னிமலையில் நான் வாங்கிவந்த ஈரிழைத் துண்டுகளில் ஒன்றைத் தியாகதுருகத்தில் வேப்பமர நிழலில் பார்த்த முதியவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்து, முனையைத் திருப்பிப் பார்த்து, தோளில் போட்டுக்கொண்டார். உங்கள் ஊரில் அடுத்து ஒருவருக்கு மரியாதை செய்யும்போது, பொன்னாடைக்குக் கொடுக்கும் காசில் கைத்தறி முத்திரையுள்ள ஈரிழைத் துண்டு ஒன்று வாங்கிப் போடுங்கள். கூட்டுறவுச் சங்கக் கடைகளில் கிடைக்கும்.