எண்ணால் எழுதிய தலையெழுத்து

தலையில் எழுத்து உண்டென்று எவரேனும் சொன்னால் சிரிக்கிறோம். மண்டையோட்டின் பொருத்துக் கோடுகளைக் காட்டி, "இதுதானோ பிரமன் கிறுக்கியது?" என்று மடக்குகிறோம். நல்லது. ஆனால் பள்ளியின் ஆசிரியர் அறையில், கடைசிப் பலகைச் சிறுவனைக் குறித்து, "அவனுக்கு மூளை அவ்வளவுதான்" என்று ஒருவர் தீர்ப்புக் கூறும்போது யாரும் சிரிப்பதில்லையே! அது மட்டும் எவன் எழுதிய எழுத்து?

ஆசிரியப் பயிற்சிக்கென உளநூலின் அரிச்சுவடியைப் புரட்டத் தொடங்கிய நாள் முதல் நம்மைத் துரத்தும் கேள்வி இது. முதல் அதிகாரங்கள் எளியவை. 1879-இல் லைப்சிக் நகரில் வுண்ட் அமைத்த ஆய்வுக்கூடம், பாவ்லோவின் நாய் என்று தேர்வுக்கு வேண்டியதைப் படித்துக்கொண்டு கடந்துவிடலாம். நுண்ணறிவு பற்றிய அதிகாரத்தையோ அப்படிக் கடக்க முடியவில்லை.

பிரான்சில் தொடக்கக் கல்வி 1882-இல் கட்டாயமாயிற்று. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் வகுப்பறைக்கு வந்தனர். சிலர் பாடத்தில் திணறினர். எவருக்குத் தனிக் கவனம் தேவை? அதை ஆசிரியரின் விருப்பு வெறுப்புக்கு விடலாகாதென்று, ஆல்ஃபிரட் பினே, தியோடர் சைமன் இருவரும் 1905-இல் 30 சோதனைகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். எரியும் தீக்குச்சியைக் கண்கள் தொடர்கின்றனவா என்பது முதற்சோதனை. நுண்பொருட் சொற்களுக்கு வேறுபாடு கூறுவது இறுதிச் சோதனை. அளந்தது ஒதுக்குவதற்கன்று, உதவுவதற்கு! அறிவு கூட்ட முடியாத அளவுடையது என்போரை, 1909-இல் வெளியிட்ட நூலில் பினே கடுமையாகக் கண்டித்தார். கவனத்தை வளர்க்கும் பயிற்சிகளுக்காகவும் வாதாடினார். 1911-இல் மறைந்தார்.

பிறகு? கருவி கடல் கடந்தது. கருத்து கரையிலேயே நின்றுவிட்டது. மன வயதை உண்மை வயதால் வகுக்கும் முறையை 1912-இல் ஸ்டெர்ன் தந்தார். 1916-இல் அமெரிக்காவில் டெர்மன் அந்த ஈவை 100-ஆல் பெருக்கி, ஒரு குழந்தைக்கு ஒரே எண் என்றாக்கினார். அந்த நூலிலேயே, மெக்சிகோ மக்களிடமும் கறுப்பின மக்களிடமும் காணும் மந்தம் இனத்தோடு வந்ததாகத் தோன்றுகிறது என்றும் எழுதினார். பிரமன் எழுதினால் மூடத்தனம், பேராசிரியர் எழுதினால் விஞ்ஞானமோ? பிறப்பைக் கொண்டே ஒருவனுக்கு ஏடும் மற்றவனுக்கு ஏரும் பங்கிட்ட நாட்டினராகிய நமக்கு இந்தக் குரல் கேட்டுப் பழகிய குரல்தான்.

மரபுக்குப் பங்கே இல்லை என்று வாதிட நாம் வரவில்லை. இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து பாடநூல் சான்று தருகிறது. சான்றை மறைப்பது பகுத்தறிவாகாது. ஆனால் ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டுக்கான அச்சான்றைக் கொண்டு, கூட்டத்துக்குக் கூட்டம் உயர்வு தாழ்வு பேச இடமில்லை. அழியாத எழுத்தென்றால் மாறலாமோ? 14 நாடுகளின் சோதனை முடிவுகளை ஒப்பிட்டு, ஜேம்ஸ் ஃபிளின் 1987-இல் வெளியிட்ட கட்டுரை, ஒரே தலைமுறையில் 5 முதல் 25 புள்ளிகள் வரை உயர்வு கண்டதைக் காட்டிற்று. அதற்குள் இரத்தமா மாறிவிட்டது?

இன்னொன்று, நம் நாட்டிலேயே நடந்தது. உத்தரப் பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு. மேற்சாதிச் சிறுவர் 321 பேர், தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர் 321 பேர். எல்லோரும் ஆறாம், ஏழாம் வகுப்பினர். தாளில் வரைந்த சிக்கற்பாதைக்கு வழி காண வேண்டும். சாதியைச் சொல்லாத குழுக்களில் இரு சாராரும் ஏறத்தாழச் சமமாகவே வழி கண்டனர். சிறுவனின் பெயரோடு தந்தை பெயர், பாட்டன் பெயர், சாதி எல்லாவற்றையும் மற்றவர் முன் அறிவித்த குழுக்களிலோ, தாழ்த்தப்பட்ட சிறுவர் கண்ட வழிகள் குறைந்தன. புதிரும் அதுவே, வயதும் அதுவே. காதில் விழுந்த சொல்தான் வேறு.

உதவித்தொகைப் படிவம் நிரப்புவதற்காக, சாதியைச் சொல்லி மாணவரை வகுப்பில் எழுந்து நிற்கச் செய்யும் வழக்கம் இன்றும் சில பள்ளிகளில் உண்டு. அடுத்த பாடவேளையில் கணக்குத் தேர்வும் இருக்கும். தோழர்களே, அந்தப் படிவங்களை அலுவலக அறையில், ஒவ்வொருவராக அழைத்து நிரப்பலாம். ஒரு மேசையும் ஓர் இடைவேளையும் போதும்.