தோற்ற அணியின் சிறந்த வீரர்

நம்மூரில் பேஸ்போல் பார்ப்பவர்கள் குறைவு. ஆனாலும் அந்த விளையாட்டில் கொடுக்கப்படும் ஒரு விருதின் கதை பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும்.

அமெரிக்காவில் பேஸ்போல் பருவத்தின் இறுதித் தொடருக்கு 'வேர்ல்ட் சீரிஸ்' என்று பெயர். அதன் மிகச்சிறந்த வீரருக்கான விருது 1955இல் ஆரம்பமானது. முதலில் பெற்றவர் புரூக்ளின் டொட்ஜர்ஸ் பந்துவீச்சாளர் ஜொனி பொட்ரெஸ்.

1960இல் ஏழாவது ஆட்டம் வரை போன தொடரில், பிட்ஸ்பர்க் வீரர் பில் மசரோஸ்கி கடைசியில் அடித்த ஒரே அடியில் நியூயோர்க் யாங்கீஸ் தோற்றது. ஆனால் விருது போனது யாங்கீஸின் பொபி ரிச்சர்ட்சனுக்கு. அந்தத் தொடரில் அவரது துடுப்பால் அணிக்கு வந்தவை 12 ஓட்டங்கள். தோற்ற அணியிலிருந்து இந்த விருதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

2017இல் விருதுக்கு வில்லி மேஸின் பெயர் வைக்கப்பட்டது. 1954 தொடரில் அவர் பின்பக்கமாக ஓடிப் பிடித்த பிடியை இன்றும் பேசுகிறார்கள். அப்போது இந்த விருதே இல்லை. பிறகும் அவருக்கு அது கிடைக்கவில்லை.

இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் "என்ன பரிசு மகன்?" என்று கேட்க முதல், "எப்படி விளையாடினீங்க?" என்று கேட்போமே.