பரணில் கிடந்த லேப்டாப்பில் ஒரு விதைப் பதிவேடு

பாரம்பரிய நெல் ரகங்களைச் சேர்த்து வைக்கும் விவசாயிகள் டெல்டாவில் பல ஊர்களில் இருக்கிறார்கள். விதையைக் காயவைக்கவும், நொச்சி, வேப்பிலை போட்டுப் பூச்சி அண்டாமல் அடைத்து வைக்கவும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த விதை எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கைக்குப் போனது என்ற கணக்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

வேதாரண்யம் வட்டாரத்தைச் சேர்ந்த 62 வயது விவசாயி ஒருவருக்கும் அப்படித்தான் ஆனது. ஆறு ஏக்கரில் சிஆர் 1009, பிபிடி 5204 என்று சந்தைக்கான நெல் போடுபவர். வீட்டை ஒட்டிய அரை ஏக்கரில் மட்டும் சென்ட்டுக்கு ஒரு ரகமாக 48 ரகங்கள் வைத்திருக்கிறார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், தூயமல்லி, பூங்கார், சிவப்புக் குடவாழை என்று பட்டியல் நீளும். இதில் அவருக்கு வருமானம் கிடையாது. அவர் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயர், 'நெல்லுப் பைத்தியம்'.

விதை கேட்டு வருபவர்களுக்கு 2 கிலோ கொடுப்பார். அடுத்த அறுவடையில் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நெல் ஜெயராமன் ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் பழக்கிவிட்ட அதே முறைதான். கொடுக்கல் வாங்கல் எல்லாம் நீள நோட்டுகளில் இருந்தன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது ஓட்டு வீட்டின் ஒரு பக்கக் கூரை போனது. டிரம்களில் இருந்த விதை பெரும்பாலும் தப்பியது. நோட்டுகள் கூழாகிவிட்டன. 20 நாள் கழித்து, டிசம்பர் 6-ம் தேதி, நெல் ஜெயராமனும் காலமானார்.

அந்தப் புயலில் அவர் கைவிட்டுப்போன ரகங்களில் ஒன்று குழியடிச்சான். உப்பு நிலத்தைத் தாங்கி வளரும் நெல். கடலோரத்துக்கு அவசியமான நெல். அதைச் சில வருடங்களுக்கு முன் மூன்று பேருக்குக் கொடுத்திருந்தது நினைவிருக்கிறது. யார் அந்த மூன்று பேர் என்பது நோட்டோடு போய்விட்டது. வேறு இடத்தில் அதே பெயரில் விதை வாங்கி விதைத்துப் பார்த்தார். மணியின் வாகும் பயிரின் உயரமும் வேறாக இருந்தன. அவர் அம்மா பிறந்த ஊரிலிருந்து வந்த அந்த வித்து யாரோ ஒருவர் வயலில் இன்னும் இருக்கலாம். கேட்டுப்போக முகவரிதான் இல்லை.

இந்த நிலையில்தான் பரணில் இருந்த லேப்டாப் கீழே இறங்கியது. மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் அது. 2 ஜிபி ராம், செத்துப்போன பேட்டரி. சார்ஜர் வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்த தம்பி மகனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பெரியப்பா, நோட்டுல எழுதுறத அப்படியே எக்செல் மாதிரி கட்டத்துல போட்டுறலாமே?"

"போடுப்பா. ஆனா, இந்த நெல்லு இப்ப யார் யார்கிட்ட இருக்குன்னு கேட்டா அது சொல்லணும். சொல்லுமா?"

கேள்வி சரியான கேள்வி. ஒரே ஒரு பட்டியல் போதும் என்றால் லிப்ரேஆபீஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் கால்க் போதும். உரக் கணக்கு, பால் கணக்குக்கு அதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. விதைக் கணக்கு அப்படியல்ல. ஒரு ரகத்துக்குப் பல ஊர் வித்துகள், ஒவ்வொரு வித்துக்கும் பல பருவங்கள், ஒவ்வொரு பருவத்திலும் பலருக்குக் கடன். இதை ஒரே தாளில் எழுதினால் ஒரே பெயரை நூறு முறை எழுத வேண்டிவரும். நூறில் பத்து பிழையாகும். தனித்தனிப் பட்டியல்களாக வைத்து, எண்ணால் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவதுதான் தரவுத்தள மென்பொருளின் வேலை.

தம்பி மகன் ஒரு வாரம் பல மென்பொருள்களைப் பார்த்தார். கல்லூரியில் படித்தது மைஎஸ்க்யூஎல். அதன் வழியில் 2009-ல் பிரிந்து வந்த மரியாடிபி, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வேர்விட்ட போஸ்ட்கிரஸ்க்யூஎல் ஆகியவையும் இலவசமே. மூன்றும் திறமையானவை. ஒரே நேரத்தில் பலர் பல கணினிகளிலிருந்து எழுதும் இடத்துக்கு ஏற்றவை. அதற்காக அவை சர்வராகப் பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். பயனர், கடவுச்சொல், அமைப்பு என்று பராமரிப்பு உண்டு. ஒரே ஆள், ஒரே பழைய லேப்டாப் என்ற இடத்தில், ஒரு மா நடவுக்குக் கம்பைன் அறுவடை இயந்திரம் வாங்குவது மாதிரி அது.

லிப்ரேஆபீஸிலேயே இருக்கும் பேஸ் அடுத்தது. படிவம் வடிவமைத்து நிரப்புவது அதில் எளிது. ஆனால் அதன் உள்ளே வழக்கமாக வரும் தரவுத்தளத்துக்கு ஜாவாவும் வேண்டும். 2 ஜிபி ராமில் ஒவ்வொரு முறையும் திறப்பதற்குள் பெரியப்பா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்துவிட்டார். மைக்ரோசாப்ட் ஆக்சஸ் பலருக்குப் பழக்கமானது. அது காசு கொடுத்து வாங்க வேண்டியது என்பதால் பார்க்கவே இல்லை.

கடைசியில் நின்றது எஸ்க்யூலைட். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000-ல் வெளியிட்டது. போர்க்கப்பலுக்கான ஒரு மென்பொருள் வேலையின்போது, தரவுத்தள சர்வர் நின்றால் எல்லாமே நின்றுபோவதைப் பார்த்து, சர்வரே இல்லாத ஒன்றை அவர் உருவாக்கினார். முழுக்கப் பொதுச்சொத்தாக விடப்பட்டிருக்கிறது. யாரும் உரிமம் கேட்க முடியாது. மென்பொருளின் அளவு 1 எம்பி அளவுக்குள். எல்லாப் பட்டியலும் ஒரே கோப்பில் அடங்கும். நம் ஆண்ட்ராய்டு போனில் தொலைபேசி எண்கள் சேமிக்கப்படுவதும் இதில்தான். ஆக, பெரியப்பா பல வருடமாக இதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அவரை ஒத்துக்கொள்ள வைத்தவை இரண்டு. ஒன்று, மின்வெட்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால், அந்தப் பதிவு முழுதாக ஏறியிருக்கும், அல்லது ஏறாமல் பழைய நிலையே இருக்கும். பாதியில் நின்று கோப்பு கெடாதபடி அதன் அமைப்பு இருக்கிறது. பேட்டரி செத்த லேப்டாப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு, ஆயுள். இதை உருவாக்கியவர்கள் 2050 வரை பராமரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தரவுகளைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் கோப்பு வடிவங்களில் இதுவும் ஒன்று. "அதுவரைக்கும் நான் இருக்க மாட்டேன், நெல்லு இருக்கணும்" என்றார் அவர்.

எஸ்க்யூலைட்டுக்குத் தனியாக முகப்புத் திரை கிடையாது. கட்டம் போட்ட திரையில் நிரப்ப, டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற இலவச மென்பொருள் உதவுகிறது. லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு மேம்பாடுகள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. எனவே அதை எடுத்துவிட்டு டெபியன் லினக்ஸை, எல்எக்ஸ்டிஇ என்ற லேசான முகப்போடு போட்டார்கள். இதைச் செய்ய நினைப்பவர்கள், கணினி 32 பிட்டா 64 பிட்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். டெபியன் 13-லிருந்து 32 பிட் கணினிகளுக்கான நிறுவல் கோப்பு வருவதில்லை. பதிப்பு 12 வரைதான். லினக்ஸ் வேண்டாம் என்பவர்கள் பழைய விண்டோஸிலேயே தொடரலாம். அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காமல் வைத்திருப்பது நல்லது.

பட்டியல்கள் நான்கு. முதலாவது ரகம். இரண்டாவது வித்து: எந்த ஊர், யார் கொடுத்தது, எந்த வருடம். மூன்றாவது பருவம்: விதைத்த நாள், பூத்த நாள், அறுத்த நாள், உயரம், தூர்கள், மகசூல். நான்காவது கடன்: யாருக்கு, எந்த ஊர், போன் எண், கொடுத்த கிலோ, திரும்பிய கிலோ.

இதில் முக்கியமானது இரண்டாவது. ஒரே பெயரில் இரண்டு ஊரிலிருந்து வந்த நெல்லை ஒன்றாகச் சேர்க்காமல், தனித்தனி எண் கொடுத்தார்கள். மரபணு வங்கிகளிலும், வந்து சேரும் ஒவ்வொரு மாதிரிக்கும் தனி எண்தான். குழியடிச்சானில் பட்ட பாடு இதைக் கற்றுக்கொடுத்திருந்தது. பெயர் எழுதுவதிலும் குழப்பம் உண்டு. ஒருவர் கருப்புக் கவுனி என்பார், இன்னொருவர் கறுப்புக் கவுனி என்பார். கணினிக்கு அவை இரண்டு நெல். எண் ஒன்றாக இருந்தால் எழுத்து எப்படி இருந்தாலும் கவலையில்லை.

தமிழில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. யூனிகோட் எழுத்தில் மட்டும் தட்டுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அடுத்தது அகரவரிசை. எஸ்க்யூலைட் எழுத்துகளின் யூனிகோட் எண்ணைப் பார்த்தே அடுக்கும். அந்த வரிசையில் ர-வுக்கு அடுத்து ற, பிறகுதான் ல. அதனால் கறுப்புக் கவுனி முன்னும் கல்லுருண்டை பின்னும் நிற்கும். நம் வரிசை வேண்டுமென்றால் வரிசை எண் என்று ஒரு கட்டம் சேர்த்துவிடலாம். தேதிக்கென்று இதில் தனி வகை கிடையாது. 2023-08-03 என வருடத்தை முதலில் எழுதினால் வரிசை தப்பாது. 'ஆடிப்பெருக்குக்கு அடுத்த நாள்' என்று குறிப்பு எழுத ஆசைப்பட்டவருக்கு அதற்கும் தனிக்கட்டம் உண்டு. எடைக் கட்டத்தில் எண் மட்டும். அலகு கிலோ மட்டும். மரக்கால் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அதைக் கணக்கில் கலக்கவில்லை.

நினைவிலிருந்தும், விதை வாங்கியவர்களிடம் போனில் கேட்டும், ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் தம்பி மகன் முதலில் கேட்டது, "4 கிலோ திருப்பித் தராதவங்க யாரு?" என்று. பெரிய பட்டியல் வந்தது. பெரியப்பா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வேறொன்று கேட்கச் சொன்னார்: "எந்தெந்த நெல்லு நம்ம வீட்டைத் தவிர வேற எங்கயும் இல்ல?"

அதற்கு வந்த விடை 11. பதினொரு ரகம் அவர் டிரம்மில் மட்டும் இருந்தது. இன்னொரு கஜா வந்தால் அவ்வளவுதான். திருப்பித் தராதவர்களை விட்டுவிட்டார். வாங்கியவர் வயலில் நெல் இருந்தால் அது பத்திரமாகத்தானே இருக்கிறது என்பது அவர் நியாயம். அடுத்த சம்பாவுக்குள் அந்தப் பதினொன்றையும், ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு வெளியூர்க்காரர்களுக்கு என்று தேடிப்போய்க் கொடுத்தார். இந்த ஒரு கேள்விக்காகவே அத்தனை வேலையும் தகும்.

பதிவேட்டைக் காப்பாற்ற அவர்கள் வைத்திருக்கும் ஒழுங்கு எளிமையானது. மாதம் ஒருமுறை, மென்பொருளை மூடிவிட்டு, அந்த ஒரே கோப்பைப் பென் டிரைவில் நகல் எடுக்கிறார்கள். இன்னொரு நகல் திருவாரூரில் தம்பி மகன் வீட்டில். கடலோரத்தில் அடிக்கும் புயல் இரண்டு வீட்டையும் ஒன்றாக அடிக்காது என்ற கணக்கு. வருடம் ஒருமுறை எல்லாப் பட்டியலையும் சிஎஸ்வி கோப்பாக எடுத்து, தாளில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறையில் விதை டிரம்முக்குள்ளேயே போட்டு வைக்கிறார்கள். கஜாவுக்குப் பிறகு கரன்ட் வர எவ்வளவு நாளானது என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் மென்பொருளில் தொடங்க வேண்டாம். முதலில் ஒரு தாளில், உங்கள் பதிவேட்டிடம் கேட்க விரும்பும் ஐந்து கேள்விகளை எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் பதில் சொல்லும் என்றால் கால்க் போதும். பட்டியல்கள் ஒன்றையொன்று தேடிப் போக வேண்டுமென்றால் எஸ்க்யூலைட். குழுவாகப் பலர் ஒரே நேரத்தில் பல கணினிகளில் எழுதும் நாள் வந்தால் மரியாடிபி, போஸ்ட்கிரஸ்க்யூஎல் பக்கம் போகலாம். சிஎஸ்வியாக எடுத்து அங்கே ஏற்றிக்கொள்ள வழி உண்டு. இப்போது ஏற்றிய உழைப்பு வீணாகாது.

வேதாரண்யத்து விவசாயியின் பதிவேட்டில் வித்து எண் 31, குழியடிச்சான். ஊர் என்ற கட்டத்தில் அம்மாவின் ஊர் இருக்கிறது. கடன் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே மூன்று வரிகள். பெயர்க் கட்டம் மூன்றிலும் காலி. நெல் திருவிழாவுக்கு எங்கே போனாலும், வந்திருப்பவர்களிடம் அந்த மூன்று பெயர்களையும் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.