வாழையடி வாழையா ஒரு வைரஸ்

வாழைக்கு எதிரி யாருன்னு கேட்டா நம்மாளுங்க உடனே கூன்வண்டைத்தான் சொல்வாங்க. தண்டைக் குடைஞ்சு, தார் தள்ளுற நேரத்துல மரத்தையே சாய்ச்சிடும். நீள மூக்கோட பார்க்கவும் வில்லன் மாதிரியே இருக்கும். ஆனா நான் சொல்ல வந்தது கடுகளவே இருக்கிற அசுவினியைப் பத்தி. பேன்னு சொன்னா இன்னும் நல்லா புரியும்.

கரும்பழுப்பு நிறம். மட்டை இடுக்குலயும் குருத்துக்குள்ளயும் கூட்டமா உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அது கழிக்கிற இனிப்புத் தண்ணிக்காக எறும்புங்க சுத்தி காவல் நிக்கும். உறிஞ்சறதால மட்டும் மரம் சாகாது. அது சுமந்துட்டு வர்ற வைரஸ்தான் பிரச்சினை. முடிக்கொத்து நோய். இலையெல்லாம் குறுகி, நிமிர்ந்து, உச்சியில கொத்தா நின்னுடும். சின்ன வயசுலயே வந்துட்டா தாரே தள்ளாது.

நான் பொட்டி தட்டுறவன், அதனால இந்த வைரஸோட கோடு எத்தனை வரின்னு பார்க்கத் தோணுச்சு. வட்டமா 6 டிஎன்ஏ துண்டு, ஒவ்வொண்ணும் சுமார் 1,100 எழுத்து. அவ்ளோதான்! எங்க ஆபீஸ்ல ஒரு கான்ஃபிக் ஃபைலே இதைவிடப் பெரிசு :-)

இந்தச் சின்ன கோடு செஞ்ச வேலை கொஞ்சமில்லை. 1889ல பிஜித் தீவுல கவனிச்சாங்க. 1913ல இலங்கை, 1940ல கேரளா. அப்புறம் நம்ம கீழ்ப்பழனி மலை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போற விருப்பாச்சி மலைவாழை 1970கள்ல சுமார் 18,000 ஹெக்டேர்ல இருந்ததா சொல்றாங்க. அது 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிடுச்சு. முக்கியக் காரணம் இந்த நோய்தான்.

பேன் அடுத்த தோட்டம் வரைக்கும் பறக்கும், சரி. ஆனா கடல் தாண்டினதும் மலை ஏறினதும் பேனோட சாமர்த்தியம் இல்லை. மனுஷன் தூக்கிட்டுப் போன பக்கக்கன்னுதான். தாய் மரத்துல வைரஸ் இருந்தா கன்னுலயும் இருக்கும். அறிகுறி தெரிய சில வாரம் ஆகும், அதுவரைக்கும் பச்சைப்பசேல்னுதான் நிக்கும். வாழையடி வாழைன்னு கல்யாணத்துல வாழ்த்தறோமே, அதே வழியிலதான் நோயும் வருது.

இதெல்லாம் நான் தேடிப் படிச்சதுக்குக் காரணம் கலவையில எங்க வீட்டுப் பின்கட்டுல நிக்கிற மொந்தன். ஆரணிப் பக்கம் பாட்டி வீட்டுலேர்ந்து கன்னா வந்தது. பாட்டியும் இல்லை, அந்த வீடும் இப்போ இல்லை. போன மாசம் அம்மா வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினாங்க. இலைக்காம்புல கரும்பச்சையா புள்ளியும் கோடும், மோர்ஸ் கோடு மாதிரி. இந்த நோய்க்கு அதுதான் அடையாளம். ஊர்ல இருக்கிற தோட்டக்கலை அலுவலர்கிட்ட காட்டினோம், அவரும் அதையேதான் சொன்னார்.

"நல்லா பச்சையாத்தானே கீது, இதப் போயி வெட்டச் சொல்றியே"ன்னாங்க அம்மா. எதிர்வீட்டு அக்கா வேற ரெண்டு கன்னு கேட்டு வச்சிருந்தாங்க. கன்னு கேட்டா இல்லைன்னு சொல்றது எங்க வீட்டுல வழக்கமில்லை.

மருந்து கிடையாது. பிடுங்கறது ஒண்ணுதான் வழி. ஆஸ்திரேலியாவுல 1920கள்ல வாழைத் தொழிலே படுத்துப்போனப்ப, பேன்தான் பரப்புதுன்னு மேகிங்கிற ஆராய்ச்சியாளர் கண்டுபிடிச்சார். நோய் வந்த மரத்தை அழிச்சே ஆகணும்னு சட்டம் போட்டுத்தான் மீண்டாங்க. விருப்பாச்சியும் அப்படித்தான். வைரஸ் இல்லைன்னு சோதிச்ச திசு வளர்ப்புக் கன்னுங்களை வச்சுத்தான் திரும்பக் கொண்டுவரப் பாடுபடறாங்க. நோய் வந்த குத்தை விட்டாத்தான் ரகம் மிஞ்சும்.

எங்க குத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போன ஞாயித்துக்கிழமை எடுத்துட்டோம். முதல்ல பேனுக்கு மருந்து அடிச்சு, அப்புறம்தான் வெட்டணும். இல்லைன்னா வெட்டின மரத்துப் பேன் பக்கத்து மரத்துக்குக் கிளம்பிடும். கிழங்கு, பக்கக்கன்னு எதையும் மிச்சம் வைக்கக்கூடாது. எதிர்வீட்டு அக்காகிட்ட அம்மாவே போய்ச் சொல்லிட்டாங்க, "இது வேணாம் கண்ணு, நர்சரியில வாங்கிக்கோ"ன்னு. திரும்பி வந்தவங்க அன்னைக்கு முழுக்கப் பின்கட்டுப் பக்கமே போகலை.

மக்களே, யாருக்காவது வாழைக்கன்னு குடுக்கறதுக்கு முன்னாடி, தாய் மரத்தோட இலைக்காம்பையும் நடுநரம்பையும் வெளிச்சத்துல ஒருதடவை பாருங்க. புள்ளியும் கோடும் தெரிஞ்சா குடுக்காதீங்க.